நூரம்பாக்கம் போகிறவர்கள் கவனத்துக்கு

மேனாம்பேட்டு பாஸ்கலுக்கு வாரத்துக்கு ஒரு தூக்கம்தான். மற்ற ஆறு நாளும் கண்ணை மூடுவார், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அதைத் தூக்கம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஒரு வாரம் காலை ஷிப்டு, ஒரு வாரம் மதிய ஷிப்டு, ஒரு வாரம் ராத்திரி ஷிப்டு என்று இருபத்தாறு வருடம் சுற்றிய உடம்பு அது. எப்போது பசிக்க வேண்டும், எப்போது கொட்டாவி விட வேண்டும் என்று அந்த உடம்புக்கே குழப்பம். காபி குடித்தால் தூக்கம் வரும், படுத்தால் பசிக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அதற்குப் புரிந்த நாள். காலையில் பூசை, பூசை முடிந்து கறிக்கடை, பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, ஒரு மணிக்குப் பாய். ஐந்து மணி வரைக்கும் அவரை எழுப்ப அவர் மனைவி ஹில்டாவுக்கே உரிமை கிடையாது. ஒருமுறை பக்கத்து வீட்டில் கல்யாணத்துக்கு ஒலிபெருக்கி கட்டி, அதன் வாயை இவர் ஜன்னலுக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தார்கள். பாஸ்கல் புரண்டு படுத்தார், அவ்வளவுதான்.

அந்தத் தூக்கத்தை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டது ஜெர்மனியில் இருக்கும் ஒரு பழைய ஊர்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர் வேலை பார்த்தது பேரிங் செய்யும் ஒரு கம்பெனி. எண்பத்து நாலில் அங்கே பெரிய கிரைண்டிங் மெஷின் ஒன்று வாங்கினார்கள். மெஷினைச் செய்தவன் நியூரம்பர்க் ஊர்க்காரன். வாங்குகிறவர்கள் ஒரு ஆளை அனுப்ப வேண்டும், பத்து வாரம் பழக்கித்தான் திருப்பி அனுப்புவேன் என்று சொல்லிவிட்டான். கம்பெனியில் பாஸ்கலை விட நன்றாக வேலை தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். ஆனால் பாஸ்போர்ட் இருந்தது பாஸ்கலிடம் மட்டும்தான். துபாய்க்குப் போகலாம் என்று எடுத்து, ஹில்டா மூன்று நாள் சாப்பிடாமல் இருந்ததால் பெட்டிக்குள் போட்டு வைத்தது. அப்படித்தான் அவர் போனார்.

கம்பெனியில் யாருக்கும் நியூரம்பர்க் என்று வாய் வரவில்லை. நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம் என்று பழகிய வாய். நூரம்பாக்கம் என்று வைத்துக்கொண்டார்கள். நெமிலிச்சேரிக்கு அடுத்த ஸ்டேஷன் மாதிரி அது சுலபமாகிவிட்டது.

அங்கே வாரத்தில் ஆறு நாள் மெஷின். ஞாயிற்றுக்கிழமை மதியம் படுக்கலாம் என்றால் விடுதி அறையில் ஹீட்டர் விட்டு விட்டு இருமும், காசநோய்க்காரன் பக்கத்தில் படுத்த மாதிரி. தூக்கம் வராமல், வேறு வழியில்லாமல், பாஸ்கல் ஊரைச் சுற்றிப் பார்த்தார். அது போதாதென்று, திரும்பி வந்ததும் கேன்டீனில் அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டார். ஆயுசுக்கும் அவர் செய்த தப்பு அந்த நாலு வார்த்தைதான்.

கம்பெனி வளர்ந்தது. வருடத்துக்கு ஒரு மெஷின் வந்தது, மெஷினுக்கு ஒரு ஆள் போனான். போகிற ஒவ்வொருவனும் விமானம் ஏறுவதற்கு முன்னால் பாஸ்கல் வீட்டுப் படி ஏறினான். எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. எல்லோருக்கும் சாப்பிட்டு முடித்த ஒன்றரை மணிதான் வசதியான நேரம்.

முதலில் வந்தவர் பட்டாபிராமிலிருந்து கோதண்டம். அரை டஜன் ஆரஞ்சோடு வந்து, கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"அண்ணே, எனக்கு அங்க ஈ காக்கா தெரியாது. இன்னா பாக்கணும், எப்டிப் போவணும், நீங்கதான் சொல்லணும்."

பாஸ்கல் பாயிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தார். கன்னத்தில் பாயின் கோடு பதிந்திருந்தது. ஆனாலும் முதல் ஆள் என்பதால் ஆசையாகவே சொன்னார்.

"மொதல்ல ஷூ. ஒரு சைசு பெருசா வாங்கு, உள்ள ரெண்டு சாக்ஸ் போடணும். தெரு பூரா கல்லு பாவி வச்சிருக்கான். நம்ம காலு அதுக்குப் பழகினது இல்ல. சாயங்காலம் முட்டி கழண்டுரும்."

"சரிண்ணே."

"பழைய ஊரைச் சுத்திக் கோட்டைச் செவுரு. அதுல உருண்டையா நாலு பெரிய கோபுரம். அதை மட்டும் அடையாளம் வச்சிக்காத. நாலும் ஒரே அச்சு. நான் மொத நாளு நாலையும் ஒண்ணுன்னு நெனச்சிக்கினு, மூணு மணி நேரம் ஊரைச் சுத்தினேன். எந்தப் பக்கம் போனாலும் அதே கோபுரம் எதிர்ல வருது."

"பயமா இருந்திருக்குமே."

"பயம் இல்ல, பசி. அப்புறம், பகல் பன்னெண்டு மணிக்குச் சந்தைத் திடல்ல மாதா கோயில் எதிர்ல போய் நில்லு. கெடிகாரத்துக்குக் கீழ ராஜா பொம்மை ஒக்காந்திருக்கும். ஏழு பொம்மை வெளிய வந்து அவரை மூணு சுத்து சுத்தும்."

"நம்ம நவகிரகம் மாதிரி."

"அது ஒம்பது. இது ஏழு."

"மீதி ரெண்டு?"

"லீவு" என்றார் பாஸ்கல். கோதண்டம் அதை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

மேலே மலையில் இருக்கும் கோட்டைக்குள் ஒரு கிணறு என்று சொன்னார். ஐம்பது மீட்டர் ஆழம். காட்டுகிற அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை மேலிருந்து ஊற்றும், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணுவார்கள், சத்தம் ஆற அமர வந்து சேரும். கோதண்டத்துக்கு அதில் ஒரு சந்தேகம். மோட்டார் போடவில்லையா என்று கேட்டார். போடவில்லை என்றதும், இவ்வளவு பெரிய ஊரில் அதைச் சொல்ல ஒரு ஆள் இல்லையா என்று வருத்தப்பட்டார்.

கடைசியாக வளையம். சந்தைத் திடலின் மூலையில் கோபுரம் மாதிரி உயரமாக ஒரு நீரூற்று. அதைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் இரும்புக் கிராதி. கிராதிக் கம்பியில் கோத்தபடி மஞ்சளாக ஒரு வளையம்.

"ஜாயிண்டே கெடையாது கோதண்டம். கம்பிக்குள்ள எப்படிப் போச்சுன்னு பாரு. நானும் விரல் வச்சு, நகம் வச்சுப் பாத்துட்டேன். அதை மூணு சுத்து சுத்தி மனசுல ஒண்ணு நெனச்சிக்கினா நடக்கும்னு அந்த ஊர்க்காரன் சொல்றான்."

"நீங்க இன்னாண்ணே நெனச்சீங்க?"

"ஜாயிண்டைத் தேடிக்கினு இருந்தேனா, நெனைக்க மறந்துட்டேன்."

ஹில்டா காபி கொண்டு வந்து வைத்தாள். கோதண்டம் கிளம்பும்போது மணி நாலே முக்கால்.

கோதண்டம் டிசம்பரில் அங்கே இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய கோயில் ஒன்றைப் பார்க்கப் போய், வாசல் படியில் ஷூவைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறார். கோயில் என்றால் கழற்ற வேண்டாமா? அரை மணி நேரம் கழித்துக் கால் விறைத்து வெளியே வந்து பார்த்தால், அவர் ஷூவுக்குப் பக்கத்தில் வரிசையாக இன்னும் ஆறு ஜோடி இருந்தது. ஒருவன் ஒழுங்காகச் செய்தால் காரணம் கேட்காமல் தானும் செய்கிற ஊர் அது. அடுத்த வாரம் போய்ப் பார்த்தபோது பதினேழு ஜோடியாம். கோதண்டம் பொய் சொல்கிற ஆள் இல்லை.

இந்தக் கதை எஸ்டேட் முழுக்கப் பரவியதும் பாஸ்கல் வீட்டுக்குக் கூட்டம் கூடிவிட்டது. போகிறவன் மட்டும் வந்தது போய், அடுத்த வருடம் தன் முறை வரலாம் என்று நினைத்தவனெல்லாம் வந்தான். ஆவடியிலிருந்து வந்தார்கள். பூந்தமல்லியிலிருந்து ஒருவர் குடும்பத்தோடு வந்தார். அவர் போகப்போவது லண்டனுக்கு. எனக்கு லண்டன் தெரியாதே என்று பாஸ்கல் சொன்னதற்கு, "எல்லாம் அந்தப் பக்கம்தானே சார், தெரிஞ்ச வரைக்கும் சொல்லுங்க" என்று உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் காபி கொடுத்து, நாலு கோபுரத்தையும் நம்பாதே என்று சொல்லி அனுப்பினார்கள்.

இதில் சிரிக்க முடியாத பக்கமும் ஒன்று உண்டு. ஞாயிறு தூங்காதவனுக்குத் திங்கள் காலை ஷிப்டு நரகம். ஒரு திங்கட்கிழமை மெஷின் முன்னால் நின்றபடியே பாஸ்கலின் கண் செருகிவிட்டது. சக்கரம் அது பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டே இருந்தது. விழித்துப் பார்த்தபோது நாற்பது பேரிங் வளையம் அளவு குறைந்து, பழைய இரும்புக்குப் போகிற சரக்காகக் கிடந்தன. மெமோ கொடுத்தார்கள். இன்னொரு முறை நடந்தால் மெஷினை விட்டு எடுத்து ஸ்டோரில் போட்டுவிடுவோம் என்று அதில் இருந்தது. ஸ்டோரில் உட்கார்ந்து நட்டு போல்ட்டு எண்ணுகிற வேலை. இருபத்தாறு வருடம் மெஷினைத் தொட்டவனுக்கு அது வேலையே இல்லை. இ.எஸ்.ஐ. டாக்டர் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, "உனக்கு மாத்திரை வேணாம்யா, தூக்கம்தான் வேணும். போய்த் தூங்கு" என்றார். எங்கே போய்?

வாயால் வந்த வினையை வாயாலேயே தீர்த்துவிடலாம் என்று பாஸ்கல் முடிவு செய்தது தொண்ணூறாம் வருடம். யோசனை ரொம்பச் சுலபம். அடுத்து வருகிறவனுக்கு உருப்படாததாகச் சொல்லி அனுப்ப வேண்டும். அவன் அங்கே போய் அவமானப்பட்டு, திரும்பி வந்து, பாஸ்கல் பேச்சைக் கேட்காதே என்று ஊரெல்லாம் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் ஒரு குருவிகூட வராது.

அடுத்து வந்தவன் வேம்புலி. மெஷின்களுக்கு எண்ணெய், கிரீஸ் போட்டுப் பராமரிக்கிற பிரிவு. முப்பது வயசு, வாய் மூடாது. ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு பொட்டலம் மிக்சரும் கொண்டு வந்தான்.

"இன்னா அண்ணாத்தே, தூங்கினு கீறியா?"

"இல்ல வேம்புலி, சும்மா கண்ணை மூடிக்கினு இருந்தேன்."

"அதானே பாத்தேன். மத்தியானத்துல இன்னா தூக்கம்? சரி சொல்லு, நூரம்பாக்கத்துல இன்னா விசேஷம்?"

பாஸ்கல் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் ஆரம்பித்தார். "கோட்டை, கெடிகாரம் எல்லாம் எல்லாரும் பாக்குறது. நீ டிராம் ஏறு. எந்த டிராமா இருந்தாலும் சரி, கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போ. அங்க எறங்கிப் பாரு."

"இன்னா கீது அங்க?"

"போய்ப் பாரு, தெரியும்." அங்கே ஒன்றும் இல்லை என்பது பாஸ்கலுக்குத் தெரியும். தூங்கிப்போய் ஒருமுறை கடைசி வரை போயிருக்கிறார். "அப்புறம் அந்த வளையம். அது சுத்தும்போது கிரீச்சுன்னு சத்தம் போடுது. ஒராய்ஞ்சிக்கினு சுத்துனா நெனச்சது எப்படிப் போய்ச் சேரும்? நம்ம கம்பெனி கிரீஸ் ஒரு டப்பா எடுத்துக்கினு போ. எல்லாரும் பாக்கறப்பவே போடு. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

சொல்வார்கள், காவல்காரன் வந்து காதைத் திருகுவான் என்பதுதான் பாஸ்கலின் நம்பிக்கை.

வேம்புலி பத்து வாரம் கழித்துத் திரும்பினான். விமான நிலையத்திலிருந்து நேராக மேனாம்பேட்டுக்கு வந்து, தூங்கிக்கொண்டிருந்த பாஸ்கலை எழுப்பிக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"அண்ணாத்தே, கரீட்டா சொன்ன. கடேசி ஸ்டாப்புல ஒண்ணுமே இல்ல. ஒரு கெழவனும் கெழவியும் தோட்டத்துல கோசு போட்டுக்கினு இருந்தாங்க. என்னைப் பாத்துட்டுக் கூப்ட்டு ஒக்கார வச்சு, உருளக்கெயங்கு வேக வச்சுக் குடுத்தாங்க. அப்பால வாரா வாரம் அங்கதான் நாஷ்டா. கெளம்பறப்ப அந்தம்மா அய்துட்டாங்க, நைனா."

"வளையம்?"

"ஊறுகாய் பாட்டில்ல கிரீஸை எடுத்துக்கினு போய்ப் போட்டேன். பத்து பேர் சுத்தி நின்னு பாத்தாங்க. ஒருத்தரு தொப்பியைக் கழட்டினாரு. இப்ப சும்மா தொட்டா போதும், அது பாட்டுக்குச் சுத்தினே இருக்கு."

"எதுனா நெனச்சியா?"

"டெலிபோன்."

எட்டு வருடமாக டெலிபோனுக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்த குடும்பம் அது. வேம்புலி வந்த நாலாம் நாள் வீட்டுக்கு லைன் இழுத்துவிட்டார்கள். அந்த வருடம் அந்தத் தெருவுக்கே எக்ஸ்சேஞ்சில் இடம் கிடைத்தது என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அதற்கப்புறம் நடந்தது பாஸ்கல் கனவிலும் நினைக்காதது. கனவு வரத் தூக்கம் வேண்டுமே. வேளாங்கண்ணிக்கு ஒருவன் கிளம்பினால் தெருவே மெழுகுவர்த்தியும் வெள்ளியில் செய்த கண்ணும் காலும் கொடுத்து அனுப்பும். திருப்பதிக்குக் கிளம்பினால் மஞ்சள் துணியில் முடிந்து கொடுக்கும். அதே மாதிரி நூரம்பாக்கம் போகிறவனிடம் வேண்டுதல்களைக் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார்கள். அவற்றை வாங்கி வைக்க ஒரு இடம் வேண்டும் அல்லவா? பாஸ்கல் வீடுதான் இடம். ஞாயிறு மதியம் ஆனால் வெள்ளானூர், ஆவடி, கொரட்டூர் என்று பல திசையிலிருந்தும் துண்டுக் காகிதத்தோடு வந்தார்கள். இந்துக்கள் நட்சத்திரம் எழுதினார்கள். கிறிஸ்தவர்களுக்கு நட்சத்திரம் இல்லாததால் ஞானஸ்நானப் பெயர் எழுதினார்கள். ஹில்டா பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைக் கூடத்தில் வைத்தாள். யார் வந்தாலும் ஒரு காபி.

தொண்ணூற்று இரண்டில் நாகேந்திரன் போனார். அவரும் பராமரிப்புப் பிரிவு, ஆனால் வேம்புலி மாதிரி இல்லை. எதையும் முறைப்படி செய்கிறவர். நாற்பத்தொரு வேண்டுதலை எடுத்துப்போனார். ஒரு வேண்டுதலுக்கு மூன்று சுற்று வீதம் நூற்றிருபத்து மூன்று சுற்று. ஞாயிறு காலையில் கிராதியோரம் நின்று, காகிதத்தைப் பிரித்து, அர்ச்சனை மாதிரி சத்தமாகப் படித்திருக்கிறார். "வெள்ளானூர் பார்வதம், ரோகிணி நட்சத்திரம், மூட்டு வலி." மூன்று சுற்று. "அம்பத்தூர் ஜேசுராஜ், தாசில்தார் ஆபீசில் பட்டா." மூன்று சுற்று. பின்னால் வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். அந்த ஊர்க்காரர்கள் வரிசையை மீற மாட்டார்கள், ஏன் என்றும் கேட்க மாட்டார்கள். பதினோரு மணிக்கு மேல் வயதான ஒரு அம்மாள் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டி, அவர் பட்டியலில் தன்னையும் சேர்க்கச் சொன்னாள். நட்சத்திரம் தெரியாமல் நாகேந்திரன் தடுமாறி, கடைசியில் பார்வதத்தின் ரோகிணியையே அவளுக்கும் கொடுத்துவிட்டார்.

அதோடு விட்டாரா? பழைய கிரீஸை வேஸ்ட்டுத் துணியால் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டார். கம்பெனியில் எந்த இடத்தில் கிரீஸ் போட்டாலும் ஒரு அட்டை கட்டித் தொங்கவிட வேண்டும் என்பது சட்டம். கிராதியில் கம்பி போட்டு அட்டையைக் கட்டினார். மெஷின்: வளையம். கிரீஸ் போட்டவர்: நாகேந்திரன். அடுத்து கிரீஸ் போட வேண்டிய தேதி: ஆறு மாதம் தள்ளி ஒரு தேதி. மேலே கம்பெனியின் பெயரும் விலாசமும் அச்சடித்தே இருந்தது.

எட்டாவது மாதம் கடிதம் வந்தது.

பிளான்ட் மேனேஜர் பரந்தாமன், பாஸ்கலைத் தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். வெள்ளானூரில் நிலபுலத்தோடு வாழ்ந்த பழைய குடும்பம், கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும் மனிதர். அன்றைக்குக் குரல் மிகவும் இறங்கியிருந்தது.

"உக்காருங்க பாஸ்கல். மெஷின் கம்பெனிக்காரன் எழுதியிருக்கான். அந்த ஊர்ப் பெரியவங்க யாரோ அவன்கிட்ட வந்து பேசியிருக்காங்க."

"தெரியும் சார். மன்னிச்சுக்குங்க. இனிமே யாரும் அதைத் தொடாம..."

"அது இல்லை. அட்டையில நாம போட்ட தேதி தாண்டி முப்பத்தாறு நாள் ஆயிடுச்சாம். யாரும் வரலையாம். வளையம் மறுபடி கிரீச்சுன்னு சத்தம் போடுதாம். எப்ப வரப்போறீங்கன்னு கேக்குறாங்க."

பாஸ்கல் சுவரில் உற்பத்திக் கணக்குப் பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இதை யாரு ஆரம்பிச்சது?"

"நான்தான் சார்."

"எதுக்கு?"

"தூக்கத்துக்கு சார்."

பரந்தாமனுக்குப் புரியவில்லை. பாஸ்கல் எல்லாவற்றையும் சொன்னார். ஒரு மணி முதல் ஐந்து மணி வரைக்குமான தூக்கம், ஆரஞ்சு, மிக்சர், லண்டன்காரர், டாக்டர், மெமோ, டிராமின் கடைசி ஸ்டாப்பு. சொல்லும்போது இரண்டு முறை கொட்டாவி வந்தது. இரண்டு முறையும் மன்னிப்புக் கேட்டார்.

பரந்தாமன் வெகுநேரம் பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார். "ஒண்ணு பண்ணுங்க. தெரிஞ்சதை எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. டைப் அடிச்சு நோட்டீஸ் போர்டுல ஒட்டிடறேன். வேணும்கிறவன் படிச்சுக்கட்டும். அப்புறம் உங்க வீட்டுக்கு எதுக்கு வர்றான்?"

இது ஏன் இத்தனை வருடம் தனக்குத் தோன்றவில்லை என்று பாஸ்கலுக்கு இருந்தது. தூங்கியிருந்தால் தோன்றியிருக்கும்.

கேன்டீனில் உட்கார்ந்து எட்டு நாள் எழுதினார். இந்த முறை பொய் ஒன்றும் கலக்கவில்லை. ஷூ ஒரு சைசு பெரிது. நாலு கோபுரத்தை நம்பாதே. கோயிலில் ஷூவைக் கழற்றாதே, நீ கழற்றினால் அவர்களும் கழற்றுவார்கள், குளிர்காலம், பாவம். விரல் அளவு சாசேஜை மூன்று மூன்றாக பன்னுக்குள் வைத்துக் கொடுப்பான், ஒன்று வாங்கினால் பசி அடங்காது, இரண்டு வாங்கு. ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது, சனிக்கிழமையே ரொட்டி வாங்கி வை. கிணற்றுக்கு மோட்டார் போடச் சொல்லாதே. வளையத்தை ஒரு ஆள் ஒரு முறைக்கு மேல் சுற்றக்கூடாது, ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரே வேண்டுதலாக நினைத்துக்கொள்ளவும். பதினெட்டு விஷயம் தேறியது. டைப் அடித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். கோதண்டம் படித்துவிட்டு நல்லா இருக்கு என்றார். வேம்புலி, டிராம் சமாச்சாரத்தை விட்டுட்டியே அண்ணாத்தே என்று குறைப்பட்டான்.

அந்த ஞாயிறு பாஸ்கல் பூசைக்குப் போய் வந்தார். கறி எடுத்து வந்தார். பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டார். ஒரு மணிக்குப் பாயை விரித்தார். மறுநாள் காலை ஷிப்டு. மெஷினில் புது சக்கரம் மாட்டியிருந்தார்கள், கண் அசரக்கூடாது. பிஸ்கட் டப்பாவை ஹில்டா பரண்மேல் ஏற்றிவிட்டிருந்தாள். படுத்தார். கால் கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்து உடம்பு ஒவ்வொரு இடமாகக் கனத்துக்கொண்டு வந்தது.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது.

பரந்தாமன் ஒரு கேக் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, வேட்டி. அவரை வேட்டியில் பாஸ்கல் பார்த்ததே இல்லை.

"பாஸ்கல், தொந்தரவு இல்லையே? புது மெஷினுக்கு விலை பேசணும், என்னையே வரச் சொல்லிட்டான். பன்னெண்டாம் தேதி கிளம்பறேன். மொத தடவை." பையிலிருந்து நாலாக மடித்த அதே பதினெட்டு விஷயத்தை எடுத்தார். "பேப்பர் ரொம்ப நல்லா இருக்கு. எல்லாம் புரியுது. இருந்தாலும் வாயால ஒரு தடவை சொன்னீங்கன்னா ஒரு தைரியம்."

பாஸ்கல் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். மேனேஜரை எப்படிப் போகச் சொல்வது?

"மொதல்ல ஷூ சார்" என்றார். அடுத்த வார்த்தை வரவில்லை. நாக்கு இருக்கிறது, வார்த்தையும் அதன் நுனியில் இருக்கிறது, தள்ள ஆள் இல்லை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நிமிர்த்தினார். மறுபடி சாய்ந்தது.

ஹில்டா அடுப்படியிலிருந்து காபியோடு வந்தாள். டம்ளரை மேனேஜர் முன்னால் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க போய்ப் படுங்க" என்றாள் பாஸ்கலிடம்.

"ஹில்டா, சார் வந்திருக்காரு."

"தெரியுது. நான் சொல்லிக்கிறேன். நாளைக்குக் காலைல மெஷின்ல நிக்கணும், போங்க."

பரந்தாமன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீங்களும் போயிருக்கீங்களாம்மா?"

"நான் எங்க சார் போனேன்? ஒம்பது வருஷமா காபி போட்டுக்கினு இருக்கேன்" என்று சொல்லி, பாஸ்கல் எழுந்த நாற்காலியில் ஹில்டா உட்கார்ந்தாள்.

பாஸ்கல் உள்ளே போய்ப் படுத்தார். கூடத்துக்கும் அறைக்கும் நடுவில் ஒரு துணித் திரைதான்.

"அந்தப் பேப்பரை மடிச்சு வச்சிருங்க சார். அதுல இன்னா இருக்குன்னுதான் எழுதியிருக்காரு, எதுக்கப்புறம் எதுன்னு எழுதல. ஸ்டேஷனை விட்டு வெளிய வந்தா எதிர்லயே ஒரு கோபுரம். அது நாலுல ஒண்ணு. பேசாம அதைத் தாண்டி உள்ள போங்க. சின்னச் சின்னக் கடையா இருக்கும், அழகா இருக்கும், நிக்காதீங்க. நேரா நடந்தா ரெட்டைக் கோபுரத்தோட பெரிய கோயிலு. கோதண்டம் ஷூவைக் கழட்டினது அங்கதான்."

"கழட்டக்கூடாது."

"கூடாது. உள்ள போயி மேலப் பாருங்க, மரத்துல செஞ்ச மாதா அந்தரத்துல தொங்குவாங்க. கழுத்து வலிக்கும், பரவாயில்ல. அப்பால தெரு எறக்கமா போவும். ஆறு வரும். பெரிய ஆறு இல்ல சார், நம்ம கூவத்தைத் தொவைச்சுப் போட்ட மாதிரி இருக்கும். கிரீஸ் எடுத்து வச்சீங்களா?"

"அது எதுக்கும்மா இப்ப?"

"தேதி போட்டுட்டோமே சார். போட்டா செய்யணும் இல்ல."

பரந்தாமன் காபியை உறிஞ்சுவது கேட்டது. பிறகு அவர் குரல், கோபத்தில் இறங்குகிற மாதிரி இல்லாமல் வேறு மாதிரி இறங்கிக் கேட்டது. "பேப்பர்ல, எல்லாருக்கும் சேத்து ஒரே வேண்டுதல்னு போட்டிருக்கு. தனியா ஒண்ணு நெனைக்கலாமா? பெரிய பொண்ணுக்கு ரெண்டு வருஷமா வரன் தேடறோம்."

"நட்சத்திரம் எழுதிக்கினீங்களா?"

"பூரம்."

"அப்ப நெனைங்க. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

பாஸ்கலின் உடம்பு மறுபடியும் கால் விரலிலிருந்து கனக்க ஆரம்பித்தது. ஹில்டா இப்போது ஆற்றங்கரைக்குப் போய்விட்டாள். "பாலத்துல நடுவுல நின்னீங்கன்னா ரெண்டு பக்கமும் நல்லா இருக்கும். ஆனா அந்த எடத்துல ஒரு மாதிரி ஆவும் சார். நம்ம ஊரு எந்தப் பக்கம்னு கேக்க ஒரு ஆளு இருக்காது. ரெண்டு நிமிஷம் நின்னா சரியாப் போயிடும்."

அதை பாஸ்கல் யாரிடமும் சொன்னதில்லை. கோதண்டத்திடம் இல்லை, வேம்புலியிடம் இல்லை, பதினெட்டு விஷயத்திலும் இல்லை. அவளிடம் எப்போது சொன்னோம் என்று யோசித்தார். சொன்ன ஞாபகம் இல்லை. யோசனை அங்கேயிருந்து நகர்ந்து வேறொன்றில் போய் முட்டியது. பூசைக்கு முன்னால் எழுந்து தண்ணீர் பிடிக்கிறவள் அவள். கறியைச் சமைப்பது அவள். வருகிறவர்களுக்குக் காபி போடுவது அவள். அப்படியானால் ஹில்டா ஞாயிற்றுக்கிழமை எப்போது தூங்குகிறாள்?

எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். கூடத்தில் அவள் பாலத்தைத் தாண்டி, மேனேஜரைச் சந்தைத் திடலுக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு அடிக்க இன்னும் நேரம் இருக்கிறது, மெதுவாகவே நடக்கலாம் என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டும் என்று பாஸ்கல் நினைத்துக்கொண்டார். அதற்குள் தூங்கிவிட்டார்.